நாற்பது நிமிடம் போதும்

(பொங்கல் விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில், சங்கத்தின் நாடகக் குழு சார்பில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணாச்சி எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். "பழைய பெருமை பேசாதே. இந்த விழாவுக்கு என்ன நாடகம் போடலாம், அதை மட்டும் சொல்லு" என்று கட்டளை. அவர் சொல்லைத் தட்ட மாட்டேன். ஆனால் போன ஆண்டு விழாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் இந்த ஆண்டு விழாவுக்கு வர முடியாது.

போன பொங்கலுக்கு என்ன நடந்தது? ஊரிலிருந்து பாட்டுக் கச்சேரி வந்தது. வீடு வீடாக வசூலித்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. நம் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள், நான் குறை சொல்லவில்லை. அதன் பிறகு ஒரு சரித்திர நாடகம். ராஜா வேஷம் போட்டவன் நான்தான். ஆகவே உரிமையோடு சொல்கிறேன். அட்டைக் கிரீடம், வாடகை வாள், இரண்டே கால் மணி நேர வசனம். இரண்டாவது காட்சி முடிவதற்குள் பாதி நாற்காலி காலி. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா எழுந்து போகும்போது மேடையைப் பார்த்தே சொன்னார்: "ராசா, நீ பேசிக்கிட்டு இரு. எனக்கு விடியக்காலம் நாலு மணிக்குத் தண்ணி வரும். நான் போய்ப் படுக்கணும்."

சபையில் சிரிப்பு. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, கிரீடம் கழன்று விழப் பார்த்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது. அந்த அம்மாள் சொன்னதில் தவறு என்ன? நாலு மணிக்கு எழுந்து குடம் பிடிக்கிறவளிடம், தோல் பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவனிடம், இரவு ஷிப்டு முடித்து லோக்கல் வண்டியில் தொங்கிக் கொண்டு வருகிறவனிடம், இரண்டே கால் மணி நேரம் கேட்க எங்களுக்கு என்ன உரிமை? அதுவும், எந்த ராஜா எந்த ராஜாவை வென்றான் என்று சொல்வதற்கு!

பத்து நிமிடத்தில், இருபது நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிற நாடகங்கள் இருக்கின்றன. நம் காலத்து ஆட்கள், அதாவது எழுபதுகளுக்குப் பிறகு எழுதியவர்கள், எழுதியவை. சிலர் இன்று உயிரோடு இல்லை. சிலர் இப்போதும் எழுதிக் கொண்டிருக்கிறார்கள். திரை வேண்டாம், செட் வேண்டாம், மைக் கூட வேண்டாம். நம் சால் முற்றத்தில் போடலாம். அவற்றில் எனக்குப் பட்ட சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் தில்லி. அங்கே 1973-ல் ஜன நாட்டிய மஞ்ச் என்று ஒரு குழு தொடங்கியது. பெரிய மேடை நாடகங்கள்தான் போட்டுக் கொண்டிருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் நெருக்கடி நிலை வந்தது. அது முடிந்து பார்த்தால் கையில் காசில்லை. மேடை நாடகத்துக்குச் செலவு செய்யத் தொழிற்சங்கங்களிடமும் பணமில்லை. அப்போது தொழிலாளி இருக்கும் இடத்துக்கே போகும் சின்ன நாடகம் ஒன்று வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தார்கள். காஜியாபாத் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அந்த நாளில் ஒரு தகராறு. தொழிலாளர்கள் கேட்டது என்ன? சம்பளத்தை இரட்டிப்பாக்கச் சொல்லவில்லை. சைக்கிள் நிறுத்த ஒரு இடம், ஒரு வாய் டீ குடிக்க ஒரு இடம், இவ்வளவுதான். கிடைத்தது துப்பாக்கிச் சூடு.

இதை வைத்து 1978-ல் சஃப்தர் ஹாஷ்மியும் ராகேஷ் சக்சேனாவும் எழுதியதுதான் 'மெஷின்'. நேரம் சுமார் பதின்மூன்று நிமிடம். நடிகர்கள் வந்து ஒருவரோடு ஒருவர் சேர்ந்து நின்று ஒரு இயந்திரம் ஆகிறார்கள். கையும் காலும்தான் சக்கரம், வாயால் எழுப்புகிற சத்தம்தான் இயந்திர ஓசை. ஓடிக் கொண்டிருக்கும் இயந்திரம் திடீரென்று நிற்கிறது. ஏன் நின்றது? அங்கேதான் நாடகம் தொடங்குகிறது. தொழிலாளி, முதலாளி, காவலாளி மூவருமே அந்த இயந்திரத்தின் உறுப்புகள். இதற்கு ஒரு ரூபாய்ச் செலவு உண்டா? ஆறு பேர் வேண்டும், மூச்சு வேண்டும், அவ்வளவுதான். போன மாதம் நம் பையன்கள் ஒத்திகைக்காக அந்த இயந்திரத்தை மட்டும் செய்து பார்த்தார்கள். கீழே தையல் பட்டறையில் இருந்தவர்கள் மிஷினை நிறுத்திவிட்டு மாடிக்கு ஏறி வந்துவிட்டார்கள், என்ன சத்தம் என்று பார்க்க!

அந்தக் குழுவின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1989 ஜனவரி 1-ஆம் தேதி, சாகிபாபாத் அருகில் ஜண்டாபூர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் 'ஹல்லா போல்' என்ற தெரு நாடகம் போட்டுக் கொண்டிருந்தபோது குண்டர்கள் தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். தலையில் அடிபட்ட சஃப்தர் மறுநாள் இறந்தார். வயது 34. ஜனவரி 4-ஆம் தேதி அவர் மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். கணவன் இறந்து இரண்டே நாள். நாடகம் என்பது பொழுதுபோக்கு, அதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்கிற நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணின் நாடகம். ஓரங்க நாடகத்தை மராட்டியர்கள் போல் கொண்டாடுகிறவர்கள் இந்தியாவில் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஏகாங்கிகா என்பார்கள். கல்லூரிக்குக் கல்லூரி போட்டி உண்டு. புனேயில் புருஷோத்தம் கோப்பைக்கு நடக்கும் போட்டி அறுபது ஆண்டைத் தாண்டிவிட்டது. நாம் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், ஒரு ஏகாங்கிகாவைப் போய்ப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (நான்கு கைகள்.) சரி, இருக்கட்டும்.

பிரேமானந்த் கஜ்வி எழுபதுகளின் பிற்பகுதியில் எழுதிய ஓரங்க நாடகம் 'கோட்பர் பாணி'. ஒரு வாய்த் தண்ணீர் என்று அர்த்தம். ஒடுக்கப்பட்ட மனிதன் குடிக்கத் தண்ணீர் கேட்கிறான், அவ்வளவுதான் விஷயம். 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் மகாட் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாரே, அதற்கு ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் இப்படி ஒரு நாடகம் எழுத வேண்டியிருந்தது. ஊர் ஊராக இதை ஆடியிருக்கிறார்கள். ஆள் கூட்டம் தேவைப்படாத நாடகம்.

இதை ஏன் நம் விழாவுக்குச் சொல்கிறேன்? நம்மில் பலருடைய தாத்தாமார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே தோல் பதனிட வந்தது சும்மாவா? ஊரில் பஞ்சம் மட்டும்தான் விரட்டியதா? ஊர்க் கிணற்றில் நமக்கு எந்தப் பக்கம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டுவிட்டோம். பட்டணத்துக்கு வந்துவிட்டோம், அதெல்லாம் எதற்கு என்று. இங்கே வந்து கிடைத்ததும் வேறு ஒரு தண்ணீர் வரிசை. அந்தப் பெரியம்மா எழுந்து போனது தண்ணீருக்காகத்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். நம் ஆசிரியை ஒருவர் இதைத் தமிழாக்கி வைத்திருக்கிறார். மராட்டி அண்டை வீட்டாரையும் அழைத்து, ஒரு பாதி அவர்கள் மொழியில், ஒரு பாதி நம் மொழியில் ஆடிப் பார்க்கலாமா என்று எனக்கு ஒரு ஆசை. எழுதியவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

தமிழில் ஒன்றும் இல்லையா என்று முகம் சுளிக்கிறீர்கள். இருக்கிறது. 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி 2018 வரை நம்மோடு இருந்தார். அவருடைய 'நாற்காலிக்காரர்', 'சுவரொட்டிகள்' இரண்டும் படித்துப் பார்க்க வேண்டியவை. உண்மையைச் சொன்னால், முதல் வாசிப்பில் எனக்குப் பிடிபடவில்லை. கதை எங்கே என்று தேடினேன். நடித்துப் பார்க்கும்போதுதான் அவை திறக்கின்றன. இந்த விழாவுக்கு வேண்டாம். குழுவின் பயிற்சிக்கு வைத்துக் கொள்வோம். தெருவில் நடிப்பதற்கென்றே எழுதியவர் என்றால் பிரளயன். அவருடைய சென்னைக் கலைக்குழு 1984-லிருந்து இயங்குகிறது. ஊருக்குப் போகிறவர்கள் அவர்கள் நாடகம் எங்காவது நடந்தால் விடாதீர்கள்.

ஆனால் இந்த விழாவுக்கு நான் முன்மொழிவது கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்'. சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர், நாட்டுப்புறப் பாட்டுக்காரர், 'வடு' என்று தன் வரலாறு எழுதியவர், 2016 பொங்கல் முடிந்த கையோடு மறைந்தவர். தமிழில் தலித் நாடகம் என்று பேசத் தொடங்கினால் இந்த நாடகத்தில்தான் தொடங்குவார்கள். பலி கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்கிறார்கள். ஒடுக்கப்பட்டவனைப் பிடிக்கிறார்கள். கடைசியில் அந்தப் பலி அவன் பெண்டாட்டி தலையில் போய் விழுகிறது.

இதைக் குழுவில் வாசித்த அன்று சண்டை வந்துவிட்டது. ஆண்கள், "நம்மவனையே இப்படிக் காட்டினால் மற்றவன் சிரிப்பான்" என்றார்கள். ஒரு தங்கை, பெயர் சொல்ல மாட்டேன், தையல் பட்டறையில் பட்டன் தைக்கிறவள், அதுவரை வாயே திறக்காதவள், சொன்னாள்: "மத்தவன் சிரிக்கட்டும் அண்ணே. எங்க வீட்ல நடக்கிறதுதானே இதுல இருக்கு." அன்றைக்கு வாசிப்பு அதோடு நின்றது. மறுவாரம் வந்தவர்களில் ஆண்கள் குறைவு, பெண்கள் அதிகம். நான் இந்த நாடகத்தைத்தான் போட வேண்டும் என்று சொல்வதற்கு அந்தச் சண்டையே போதுமான காரணம்.

பெண்களை நடிக்க அனுப்பும் விஷயத்தில் நாம் பேசுவது ஒன்று, செய்வது ஒன்று. என் சொந்த மகள் எட்டாம் வகுப்பில் மேடை ஏறியபோது என் உறவிலேயே என்னென்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அடுத்த வருடம் அவளை நிறுத்திவிட்டேன். அவள் இன்னும் அதை மறக்கவில்லை. தமிழ்நாட்டில் அ. மங்கை போன்றவர்கள் பெண் சிசுக் கொலையைப் பற்றி 'பச்சமண்ணு' என்ற நாடகத்தை எந்தக் கிராமங்களில் அது நடந்ததோ அங்கேயே கொண்டுபோய் நடித்தார்கள். பெண் பிறந்ததிலிருந்து வீட்டில் நடக்கும் சடங்குகளையே நாடகமாக்கி, பார்க்க வந்த தாய்மாரையும் அதற்குள் இழுத்தார்கள். நாம் இன்னும், சமையல் முடித்துவிட்டு ஒத்திகைக்கு வரலாமா என்று அனுமதி கேட்க வைத்துக் கொண்டிருக்கிறோம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒன்று. மகேஷ் எல்குஞ்ச்வார் 1970 வாக்கில் எழுதிய 'ஹோலி'. விடுமுறை மறுக்கப்பட்ட விடுதி மாணவர்கள். அவர்கள் கோபம் நிர்வாகத்தின் மேல் போகாமல் தங்களில் மெலிந்த ஒருவன் மேல் திரும்புகிறது. அந்தப் பையன் உயிரை விடுகிறான். கேதன் மேத்தா 1984-ல் படமாகவும் எடுத்தார். கசப்பான நாடகம். விழாவில் போடும் துணிச்சல் எனக்கு இல்லை. கேலி செய்வதை விளையாட்டு என்று நினைக்கும் நம் பையன்கள் உட்கார்ந்து வாசிக்கட்டும்.

புத்தம் புதிதாக வேண்டும் என்றால், அபிஷேக் மஜும்தார் தில்லிக் குழுவுக்கு எழுதிய 'ததாகத்' இருக்கிறது. இன்றைய நாடகாசிரியர். ஆனால் கதை பழைய காலத்து ராஜ்யத்தில் நடக்கிறது: ஒரு சிற்பி மேல் ராஜத்துரோகக் குற்றம், மரண தண்டனை. ராஜா கதை வேண்டாம் என்று சொன்னவன் ராஜா கதையோடு வருகிறானே என்று பார்க்காதீர்கள். இதில் ராஜாவுக்கு வாடகை வாள் தேவையில்லை. சிற்பி சொல்வதைக் கேட்டால் போதும். பத்து நிமிட நாடகங்களுக்கென்றே 2002-ல் சிட்னியில் தொடங்கிய விழா ஒன்று சென்னைக்கும் வந்தது. அந்த வகையில் நான் பார்த்தவை பெரும்பாலும் வரவேற்பறைச் சிரிப்பு. சோபா இல்லாமல் நடிக்க முடியாது. ஆனால் பத்தே நிமிடத்தில் முடிக்கும் கட்டுப்பாட்டை அவர்களிடம் கற்கலாம்.

இனி, இங்கே அமர்ந்திருக்கும் சிலரின் மனதில் உள்ளதைப் பேசுகிறேன். "இதெல்லாம் அரசியல். சங்க மேடையில் வேண்டாம். நாளை ஒரு கையெழுத்துக்கு, ஒரு குழாய் இணைப்புக்கு யாரிடம் போய் நிற்பது?" நியாயமான பயம். நான் கேலி செய்யவில்லை. ஆனால் மேடையைக் கண்டு பயந்தவர்கள் எப்போதும் மேலே இருந்தவர்கள்தான். 1876-லேயே வெள்ளைக்காரன் நாடகத் தடைச் சட்டம் கொண்டு வந்தான். சுதந்திரம் வந்து ஏழு ஆண்டில், 1954-ல், சென்னை ராஜ்யத்திலும் ஒரு நாடகச் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவை மனதில் வைத்துக் கொண்டு வந்தது என்பார்கள். அந்தச் சட்டம் எப்போது போயிற்று தெரியுமா? 2013-ல். 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஐம்பத்தொன்பது ஆண்டு! இடையில் எத்தனையோ ஆட்சி மாறியது, நாடக மேடையால் வளர்ந்தவர்களே ஆண்டார்கள், ஒருவரும் அதைத் தூக்கி எறியவில்லை.

மராட்டியத்தில் நமக்கு வேறு நடைமுறை. நாடகத்தின் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே அரசின் பரிசீலனைக் குழுவிடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். போன முறை கடைசி வாரத்தில் ஓடினோம். இந்த முறை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். எழுதியவரிடமோ வாரிசுகளிடமோ அனுமதிக் கடிதம், ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி, இவற்றைக் கவனிக்க இரண்டு பேர் வேண்டும். நடிக்கத் தெரியாதவர்கள் இதற்கு வாருங்கள். நடிப்பதை விட இது கடினமான வேலை.

இன்னொரு கவலையைத் தாய்மார்கள் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து கொண்டே போவது நமக்குத் தெரியாததா? வசனம் எப்படிப் படிப்பார்கள்? இந்தி எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்தோம். ழ வரும் இடமெல்லாம் தகராறு, ஆனால் ஒரே மாதத்தில் மூன்று பேர், "அண்ணே, தமிழ் எழுத்திலேயே குடுங்க, கத்துக்கிறோம்" என்று கேட்டார்கள். ஒருவன் சிறிய நாடகம் ஒன்றைத் தானே எழுத ஆரம்பித்துவிட்டான்.

அதைத்தான் கடைசியாகச் சொல்ல வந்தேன். 2024-ல் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கி, கதவுகளில் எண் எழுதினார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பா பின்பா, கீழ்த்தளமா மேல்தளமா, ஒரே கோலியில் இருந்த அண்ணன் தம்பிக்குள் இதைச் சொல்லியே பேச்சு வார்த்தை நின்றுபோனது. ஒரு காகிதத்துக்காக டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடாத வீடு உண்டா? இதைப் பற்றித் தமிழில் ஒரு நாடகம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பையன் எழுதிக் கொண்டிருப்பது அதுதான். இப்போது எட்டு நிமிடம் வருகிறது. ஒரு பெட்டி, ஒரு தாத்தா, எண் எழுத வந்த ஒரு ஆள். முடிவு இன்னும் வரவில்லை. இரண்டு முறை அடித்து எழுதிவிட்டான்.

ஆகவே, குழுவின் கோரிக்கை இது. விழாவில் எங்களுக்கு நாற்பது நிமிடம் வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் அல்ல, முன். 'மெஷின்', 'பலி ஆடுகள்' இரண்டையும் அதற்குள் அடங்கும்படி அமைத்துக் கொள்கிறோம். பையனின் எட்டு நிமிடமும் அதில் சேரும். 'ஒரு வாய்த் தண்ணீர்' ஏப்ரலில், அம்பேத்கர் பிறந்தநாளுக்கு. கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஒத்திகை ஞாயிறு மாலை 5 மணிக்கு, மொட்டை மாடியில். பெண்கள் வருவதானால் அன்று சமையல் யார் என்று வீட்டில் இப்போதே பேசிவிட்டு வாருங்கள். அந்தப் பெரியம்மா இங்கே இருக்கிறாரா? அதோ, பின்னால். பெரியம்மா, பையன் நாடகத்தில் தண்ணீர் வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டும். வசனம் கிடையாது. குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்பது மணிக்கெல்லாம் உங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம்.